பலவீனமான ஏஸ்: போக்கர் டோர்னமென்ட்டில் ஏஸ்-2 முதல் ஏஸ்-9 வரையிலான கைகளை ஆடும் முறை

2000-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், கடைசி இருவராக கிறிஸ் ஃபெர்குசனும் டி.ஜே. குளூட்டியரும் எஞ்சியிருந்தனர். குளூட்டியர் ஏஸ்-குயினுடன் ஆல்-இன் தள்ள (தன் சிப்புகள் அனைத்தையும் பந்தயம் கட்ட), ஃபெர்குசன் நெடுநேரம் யோசித்துவிட்டு ஏஸ்-9 வைத்துக்கொண்டு கால் செய்தார் (அந்தப் பந்தயத்துக்கு ஈடு கட்டினார்). நான்கு பொதுச் சீட்டுகள் விழுந்த பிறகு மேசையில் 2, கிங், 4, கிங் இருந்தன. இருவருக்கும் கிங் ஜோடியும் ஏஸும் பொதுவாக நிற்க, குயின் மட்டுமே வித்தியாசம். ஃபெர்குசன் ஜெயிக்க வேண்டுமானால் மீதமிருந்த 44 சீட்டுகளில் மூன்றே மூன்று 9-களில் ஒன்று வர வேண்டும். வேறு ஆறு சீட்டுகளில் ஒன்று வந்தால் பாட் (மேசையில் சேர்ந்த பந்தயம்) சரிபாதியாகப் பிரிந்திருக்கும். ரிவரில், அதாவது ஐந்தாவது பொதுச் சீட்டாக, ஹார்ட் 9 வந்தது. 15 லட்சம் டாலர் பரிசும் பட்டமும் அவருக்குப் போயின.

இந்தக் கை பலருக்கும் தவறான பாடத்தையே கற்பித்தது என்பது என் கருத்து. ஏஸ்-9 ஜெயித்தது நினைவில் நிற்கிறது. அது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வாய்ப்புடன் களத்தில் இறங்கியது என்பது நினைவில் நிற்பதில்லை. பலவீனமான ஏஸின் மதிப்பு, ஏஸ் ஜோடி கிடைத்து ஜெயிப்பதில் இருப்பதைவிட, எதிரிகளைச் சீட்டைப் போட (ஃபோல்ட் செய்து கையைவிட்டு விலக) வைப்பதிலேதான் பெரிதும் இருக்கிறது. ஆகவே அதைக் கொண்டு முதலில் பந்தயம் கட்டுவது வேறு, அடுத்தவர் கட்டிய பந்தயத்துக்குக் கால் செய்வது வேறு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவையே.

தொடங்கும் முன் ஒரு சிறு குறிப்பு. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியாவில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. எனவே இங்கே சொல்வது, சட்டம் அனுமதிக்கும் இடங்களில் நேரடி மேசையில் ஆடுபவர்களுக்கும், பணமில்லாப் பயிற்சி ஆட்டம் ஆடுபவர்களுக்கும் உரியது. ஆட்டம் என்று நான் சொல்வது நோ-லிமிட் டெக்ஸாஸ் ஹோல்டெம். அதில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு; முதல் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர்.

முதல் படி: கையில் இருப்பது என்ன என்று கணக்கிடுங்கள்

ஒரு கட்டிலிருந்து இரண்டு சீட்டு தரும் வகைகள் மொத்தம் 1,326. அவற்றில் குறைந்தது ஒரு ஏஸாவது உள்ளவை 198. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. ஏஸ்-2 முதல் ஏஸ்-9 வரை மட்டும் எடுத்தால் 128 வகைகள். ஏறக்குறைய பத்துக் கைக்கு ஒன்று என்ற அளவில் இது உங்களைத் தேடி வரும். அடிக்கடி வருவதால்தான் இதில் செய்யும் சிறு தவறு போட்டி முழுவதும் சேர்ந்து பெரிய ஓட்டையாகிறது.

ஒவ்வொரு ஏஸ் கைக்கும் 16 வகைகள் உண்டு. அவற்றில் இரண்டு சீட்டும் ஒரே இனமாக அமையும் சூட்டட் வகைகள் 4, இனம் கலந்த ஆஃப்சூட் வகைகள் 12. சூட்டட் கைக்கு ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே இனம்) அமைவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஃப்ளஷ் என்ற நிலை ஏறத்தாழ ஒன்பது ஃப்ளாப்புக்கு ஒருமுறை கிடைக்கும். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். ஃப்ளஷ் அமையாவிட்டாலும் அடுத்த சுற்றில் துணிந்து பந்தயம் கட்ட அது ஒரு காரணத்தைத் தருகிறது.

ஸ்ட்ரெய்ட் (வரிசையான ஐந்து சீட்டுகள்) அமையும் வாய்ப்பிலும் ஒரு பிரிவு இருக்கிறது. ஏஸுடன் 2, 3, 4, 5 ஆகியவை சேர்ந்தால் ஏஸ் முதல் 5 வரையிலான கீழ் ஸ்ட்ரெய்ட்டுக்கு இரண்டு சீட்டும் பயன்படும். ஏஸுடன் 6, 7, 8, 9 சேர்ந்தால் இரண்டையும் ஒரே ஸ்ட்ரெய்ட்டில் வைக்க வழியே இல்லை. இதனால் பல நிலைமைகளில் ஏஸ்-5, ஏஸ்-6-ஐவிட மேலான கையாகிறது. பெரிய எண் பெரிய கை என்று பழகிய கண்ணுக்கு இது சற்று உறுத்தும்.

இரண்டாம் படி: இன்னும் சீட்டைப் போடாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்

உங்களிடம் ஒரு ஏஸ் இருக்கும்போது மற்றவர்களில் யாரிடமாவது இன்னொரு ஏஸ் இருக்க வாய்ப்பு எவ்வளவு? எதிரில் எட்டுப் பேர் இருந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு 70. ஐந்து பேர் இருந்தால் 50. இரண்டு பேர் மட்டுமே இருந்தால் 23-ஐ ஒட்டி. ஒருவர் மட்டும் என்றால் 12. ஆட்டத்தின் முதல் இடத்தில் அமர்ந்து ஏஸ்-5-ஐப் பார்த்து மகிழ்பவர், பத்துக்கு ஏழு முறை மேசையில் வேறொரு ஏஸும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்.

ஏஸ் இருப்பது மட்டுமல்ல, மேலான ஏஸ் இருப்பதும் கவனிக்கத்தக்கது. ஏஸ்-5 வைத்திருக்கும் உங்களுக்கு எதிரே ஒரே ஒருவரிடம் அதைவிடப் பெரிய கிக்கருடன் (துணைச் சீட்டுடன்) ஏஸ் இருக்கவோ ஏஸ் ஜோடி இருக்கவோ வாய்ப்பு நூற்றுக்கு எட்டு. எட்டுப் பேர் எதிரில் இருந்தால் அது பாதியை நெருங்கிவிடும். ஏஸ்-9 என்றால் ஒருவருக்கு நான்கு, எட்டுப் பேருக்கு முப்பதுக்குச் சற்றுக் கீழே. மேசையின் இருக்கை ஏன் இந்தக் கையின் விலையை இவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஃப்ளாப்பில் குறைந்தது ஒரு ஏஸ் வருவது நூற்றுக்குப் பதினேழு முறைதான். அப்படி வந்தாலும், அதிகப் பணம் போட ஒப்புக்கொள்பவர் உங்களைவிடப் பெரிய ஏஸ் வைத்திருப்பவராகவே இருக்கக்கூடும். சிறிய பாட்டில் ஜெயித்து, பெரிய பாட்டில் தோற்பது இந்தக் கைகளின் பிறவிக் குணம்.

மூன்றாம் படி: ஸ்டாக்கை பிக் பிளைண்ட் கணக்கில் சொல்லிக்கொள்ளுங்கள்

சிப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அது எத்தனை பிக் பிளைண்ட் என்று பாருங்கள். பிக் பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாகக் கட்டும் தொடக்கத் தொகை; அதில் பாதி ஸ்மால் பிளைண்ட். உங்களிடம் நிறைய இருந்து எதிரியிடம் 9 பிக் பிளைண்ட்தான் இருந்தால், அந்தக் கைக்கு உங்கள் ஸ்டாக்கும் 9-தான். ஏஸ்-4 ஆஃப்சூட் 60 பிக் பிளைண்டில் பெரும்பாலும் குப்பை. பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இருக்கையில், 9 பிக் பிளைண்டுடன் அது தெளிவான ஆல்-இன்.

நான்காம் படி: 40 பிக் பிளைண்டுக்கு மேல் இருக்கையில்

ஒன்பது பேர் மேசையில் முதல் மூன்று இருக்கைகளிலிருந்து ஏஸ்-2 முதல் ஏஸ்-9 வரை எல்லா ஆஃப்சூட் கைகளையும் தயங்காமல் போட்டுவிடுங்கள். சூட்டட் கைகளில் ஏஸ்-9, ஏஸ்-5 போன்றவற்றை, மேசை அடக்கமாக ஆடுகிறது என்றால் ரைஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) திறக்கலாம். முரட்டுத்தனமாகத் த்ரீ-பெட் செய்பவர்கள், அதாவது உயர்த்தியவர் மேல் மீண்டும் உயர்த்துபவர்கள், பின்னால் இருந்தால் அவற்றையும் விட்டுவிடுவதில் நட்டம் பெரிதில்லை. லிம்ப் செய்து, அதாவது ரைஸ் இல்லாமல் பிக் பிளைண்டை மட்டும் கட்டி, மலிவாக ஃப்ளாப் பார்க்கும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கைந்து பேர் நுழையும் பாட்டில் ஏஸ்-6 ஆஃப்சூட் எந்த நல்ல செய்தியையும் கொண்டுவருவதில்லை.

பட்டனை நெருங்க நெருங்க நிலைமை தலைகீழாகும். பட்டனுக்கு முந்தைய இருக்கையான கட்-ஆஃபிலிருந்து சூட்டட் ஏஸ்கள் அனைத்தையும் ஆஃப்சூட்டில் நடுத்தரமானவற்றையும் திறக்கலாம்; பட்டனிலிருந்து, முன்னால் அனைவரும் போட்டுவிட்டிருந்தால், கிட்டத்தட்ட எந்த ஏஸையும் பிக் பிளைண்டைப் போல 2 முதல் 2.2 மடங்கு ரைஸில் திறக்கலாம். பிக் பிளைண்டே மேசை முழுவதற்குமான ஆன்டியை (பிளைண்டுகளுக்கு மேல் கட்டும் கட்டாயத் தொகையை) கட்டும் முறை 2018 வாக்கிலிருந்து பரவலாகிவிட்டதால், ஒவ்வொரு கையிலும் 2.5 பிக் பிளைண்ட் மேசையில் காத்திருக்கிறது. அதைத் திருடும் முயற்சிக்கு ஏஸ் நல்ல துணை.

பலவீனமான ஏஸ் எதிரியின் வலுவான கைகளைத் தடுக்கிறது என்பது இதன் மறைந்திருக்கும் பலம். உங்களிடம் ஒரு ஏஸ் இருந்தால் எதிரிக்கு ஏஸ் ஜோடி அமையும் வகைகள் 6-லிருந்து 3-ஆகவும், ஏஸ்-கிங் அமையும் வகைகள் 16-லிருந்து 12-ஆகவும் குறைகின்றன. இரண்டும் சேர்ந்து 22 இருந்த இடத்தில் 15. ஆகவே ஒருவர் பின் இருக்கையிலிருந்து திறந்ததும் எப்போதாவது த்ரீ-பெட் செய்து விரட்டிப்பார்க்க விரும்புகிறீர்கள் என்றால், அதற்கு ஏற்றவை ஏஸ்-5, ஏஸ்-4, ஏஸ்-3, ஏஸ்-2 ஆகிய சூட்டட் கைகள். கால் வந்தாலும் ஃப்ளஷ், கீழ் ஸ்ட்ரெய்ட் என்ற இரண்டு வழிகள் மிஞ்சியிருக்கும். எதிரி அதற்கு மேலும் உயர்த்தினால் வருத்தமின்றிப் போட்டுவிடலாம்; இதே வேலையை ஏஸ்-ஜாக்கைக் கொண்டு செய்து பிறகு போட நேர்ந்தால், கால் செய்து லாபம் பார்த்திருக்க வேண்டிய கையை வீணாக்கியதாக ஆகும். ஆனால் எதிரி எதையும் போடாதவர் என்றால் இந்த உத்தி முழுவதும் வீண். கால் செய்வதையே கடமையாகக் கொண்டவர்களிடம் பிளஃப் (வலுவற்ற கையுடன் மிரட்டல்) செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: பிக் பிளைண்டிலிருந்து காத்தலும், ஃப்ளாப்புக்குப் பின் அடக்கமும்

இந்தக் கைகள் அதிகப் பணத்தைக் கரைப்பது இங்கேதான் என்பதால், ஒரு கையை முழுவதுமாகப் பார்ப்போம். பிளைண்ட் 500/1,000, பிக் பிளைண்ட் ஆன்டி 1,000. ஆன்டி கட்டிய பிறகு உங்களிடம் 40,000. பிக் பிளைண்டில் அமர்ந்து கிளப் ஏஸ், டைமண்ட் 6 பெறுகிறீர்கள். எல்லோரும் போட, பட்டன் 2,200-க்கு உயர்த்துகிறார். ஸ்மால் பிளைண்டும் போடுகிறது.

பாட்டில் இப்போது 4,700. நீங்கள் சேர்க்க வேண்டியது 1,200. மொத்தம் 5,900 ஆகும் பாட்டுக்கு 1,200 என்றால் நூற்றுக்கு 20 வாய்ப்பு இருந்தால் போதும். பட்டனின் பரந்த ரேஞ்சுக்கு (அவர் ஆடக்கூடிய கைகளின் தொகுப்புக்கு) எதிராக ஏஸ்-6 அதைவிட மிக மேலே நிற்கிறது. கால்.

ஃப்ளாப்பில் ஹார்ட் ஏஸ், ஸ்பேடு 9, டைமண்ட் 4. நீங்கள் செக் செய்கிறீர்கள் (பந்தயம் கட்டாமல் விடுகிறீர்கள்), பட்டன் 2,000 கட்டுகிறார். பலரும் "ஏஸ் விழுந்துவிட்டது" என்று இங்கே உயர்த்துவார்கள். உயர்த்தினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஏஸ் இல்லாத கைகள் போய்விடும். அவர் அடுத்த சுற்றில் செய்திருக்கக்கூடிய பிளஃபும் அவற்றோடு போய்விடும். தங்குபவை ஏஸ்-10, ஏஸ்-குயின், ஏஸ்-9 போன்றவை. உங்களைவிட மோசமான கைகளை விரட்டிவிட்டு, மேலான கைகளுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர் ஆவீர்கள். கால் மட்டும் போதும். பாட் 9,900.

டர்னில் கிளப் ஜாக். செக். அவர் 6,500 கட்டுகிறார். இதுவும் கால்தான், ஆனால் இப்போது மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பாட் 22,900, உங்கள் கையில் 29,300.

ரிவரில் ஹார்ட் 2. அவர் 20,000 கட்டுகிறார். கால் செய்ய உங்களுக்கு நூற்றுக்கு 32 முறை ஜெயிக்க வேண்டும். இப்போது ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-10, ஏஸ்-9, ஏஸ்-8, ஏஸ்-7, ஏஸ்-4, ஏஸ்-2 எல்லாம் உங்களை வெல்கின்றன. நீங்கள் வெல்லும் ஏஸ்கள் ஏஸ்-5, ஏஸ்-3 மட்டுமே. அவற்றை வைத்து மூன்று சுற்றிலும் இவ்வளவு கட்டுபவர் அரிது. ஆகவே உங்கள் கை பிளஃபை மட்டுமே பிடிக்கும் கை. மேசையில் ஃப்ளஷுக்கு வழியில்லை. குயின்-10, 10-8 போன்ற தவறிப்போன ஸ்ட்ரெய்ட் கைகளை அவர் இவ்வளவு தூரம் தள்ளுவாரா என்பதே கேள்வி. அடக்கமாக ஆடுபவர் என்று தெரிந்தால் போட்டுவிடுங்கள். பட்டனில் வருவதையெல்லாம் திறந்து மூன்று சுற்றும் அடிப்பவர் என்றால் கால் செய்யலாம். அவரைப் பற்றி எதுவுமே தெரியாது என்றால், நுழைவுக் கட்டணம் குறைந்த மேசைகளில் நான் போடவே சொல்வேன். அங்கே ரிவரில் வரும் பெரிய பந்தயம் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது.

ஒரு நுணுக்கம். அதே ரிவரில் 2-க்குப் பதில் கிங் விழுந்திருந்தால் மேசையில் ஏஸ், கிங், ஜாக், 9, 4 இருக்கும். அப்போது சிறந்த ஐந்து சீட்டுகள் இரண்டு ஏஸ், கிங், ஜாக், 9 என்றாகி உங்கள் 6 ஆட்டத்துக்கே வராது. ஏஸ்-8, ஏஸ்-7 வைத்திருப்பவருடன் தோற்க வேண்டிய நீங்கள் பாட்டைப் பிரித்துக்கொள்வீர்கள். மேசையில் பெரிய சீட்டுகள் நிறைந்தால் கிக்கர் பிரச்சினை தணிகிறது. சிறிய சீட்டுகளாக வந்தால் அது முழு வீச்சில் கடிக்கிறது.

ஆறாம் படி: 15 முதல் 25 பிக் பிளைண்ட் வரை

இந்த அளவில் சும்மா கால் செய்து ஃப்ளாப் பார்ப்பதற்கு ஸ்டாக் போதாது. முதல் ஆளாக ஆல்-இன் தள்ளுவதற்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஒருவர் திறந்த பிறகு அவர் மேல் ஆல்-இன் தள்ள இதுவே உகந்த அளவு. 18 பிக் பிளைண்டுடன் பிக் பிளைண்டில் ஏஸ்-5 சூட்டட் வைத்திருக்கிறீர்கள், பட்டன் 2.2-க்குத் திறக்கிறார் என்று கொள்ளுங்கள். மேசையில் 4.7 இருக்கிறது. திறந்த கைகளில் பத்துக்கு ஆறை அவர் போட்டுவிடுவார் என்றால், அதிலிருந்து சராசரியாகக் கிடைப்பது 2.8. மீதி நான்கு முறை அவர் கால் செய்யும்போது உங்களுக்கு 35 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், 37.5 பாட்டில் உங்கள் பங்கு 13.1, நீங்கள் புதிதாகப் போட்டது 17. ஒவ்வொரு முறையும் 3.9 நட்டம், பத்துக்கு நான்கு முறை என்பதால் சராசரி 1.6. நிகரமாக 1.2 பிக் பிளைண்ட் லாபம்.

இதே கை, இதே ஸ்டாக், ஆனால் திறந்தவர் முதல் இருக்கையில் இருப்பவர் என்றால், அவர் பத்தில் மூன்று நான்கு முறைதான் போடுவார். கால் செய்யும்போது உங்கள் வாய்ப்பும் 30-ஐ ஒட்டிச் சரியும். அதே கணக்கைப் போட்டால் இரண்டு பிக் பிளைண்ட் அளவுக்கு நட்டம் வரும். யார் மேல் தள்ளுகிறீர்கள் என்பதே கையைவிடப் பெரிது.

ஏழாம் படி: 12 பிக் பிளைண்டுக்குக் கீழே, முதல் ஆளாகத் தள்ளுதல்

பலவீனமான ஏஸ் தன் முழு மதிப்பைக் காட்டும் இடம் இது. பட்டனில் 10 பிக் பிளைண்ட், ஏஸ்-5 ஆஃப்சூட். பின்னால் இருவர். ஒவ்வொருவரும் நூற்றுக்கு 20 கைகளில் கால் செய்வார்கள் என்றால், இருவரும் போடுவது 64 முறை. அதிலிருந்து சராசரி 1.6 லாபம். கால் வரும் 36 முறையில் உங்களுக்கு 38 சதவீத வாய்ப்பு என்று கொண்டால் நட்டம் 0.66. மிச்சம் ஏறத்தாழ ஒரு பிக் பிளைண்ட். பத்து மட்டுமே வைத்திருப்பவருக்கு ஒரே கையில் ஒன்று கிடைப்பது மிகப் பெரிது.

இந்தக் கையையே ஒன்பது பேர் மேசையின் முதல் இருக்கையில் தள்ளிப் பாருங்கள். எட்டுப் பேர் பின்னால் இருக்க, ஒவ்வொருவரும் 12 சதவீதக் கைகளில் கால் செய்தால், அனைவரும் போடுவது நூற்றுக்கு 36 முறைதான். கால் வந்தால் உங்கள் வாய்ப்பும் 33-ஐ ஒட்டி இறங்கிவிடும். கணக்கு முக்கால் பிக் பிளைண்ட் நட்டத்தில் முடிகிறது. ஒரே கை, ஒரே ஸ்டாக், மேசையைச் சுற்றி நகர்ந்ததில் ஒன்றே முக்கால் பிக் பிளைண்ட் வித்தியாசம்.

தொடக்க அளவுகோலாக, 10 பிக் பிளைண்டில் முதல் இருக்கைகளிலிருந்து ஆஃப்சூட் ஏஸ்-10-க்குக் கீழே தள்ள வேண்டாம், சூட்டட்டில் ஏஸ்-8 அளவுக்குப் போகலாம். கட்-ஆஃபில் ஆஃப்சூட் ஏஸ்-6, ஏஸ்-5 வரை. பட்டனிலும் ஸ்மால் பிளைண்டிலும் எல்லா ஏஸும். எதிரிகள் அளவுக்கு மீறிக் கால் செய்பவர்கள் என்றால் இவற்றை ஒரு படி இறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்டாக் 5-க்குக் கீழே போய்விட்டால் யாரும் போட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தள்ளுவதில் லாபம் தருவது எதிரி போடும் வாய்ப்பு. அது மீதமிருக்கும்போதே தள்ள வேண்டும். நல்ல கை வரட்டும் என்று காத்திருந்து 3 பிக் பிளைண்டில் ஏஸ்-8 தள்ளுபவர், 9-இல் ஏஸ்-3 தள்ளியிருக்க வேண்டியவர்.

எட்டாம் படி: அடுத்தவரின் ஆல்-இன்னுக்குக் கால் செய்வது

இப்போது நிலைமை மாறுகிறது: எதிரி போடுவதால் வரும் லாபம் உங்களுக்கு இல்லை; சீட்டு மட்டுமே பேச வேண்டும். ஏஸ்-5 ஆஃப்சூட் சீட்டில் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். கிங்-குயினுக்கு எதிராக நூற்றுக்கு 55 முதல் 58. 10-9 சூட்டட்டுக்கு எதிராக 55-ஐ ஒட்டி. 3-3 ஜோடிக்கு எதிராகச் சரிபாதிக்குச் சற்றுக் குறைவு. 8-8 ஜோடிக்கு எதிராக 30. ஏஸ்-கிங்குக்கு எதிராக 25-ஐ ஒட்டி. ஏஸ் ஜோடிக்கு எதிராக 7. முன்னே நிற்கும்போது கொஞ்சமே முன்னே, பின்னே நிற்கும்போது வெகுதூரம் பின்னே.

பட்டன் 10 பிக் பிளைண்டுக்குத் தள்ள, நீங்கள் பிக் பிளைண்டில் இருந்தால், 12.5 இருக்கும் பாட்டுக்கு 9 சேர்க்க வேண்டும். தேவைப்படும் வாய்ப்பு 42 சதவீதம். பட்டன் நூற்றுக்கு 40 கைகளைத் தள்ளுபவர் என்றால் ஏஸ்-5-க்குப் பாதியை ஒட்டிய வாய்ப்பு இருக்கிறது, கால். அவர் 15 கைகளை மட்டும் தள்ளுபவர் என்றால் தேவையான 42-ஐ எட்டாது, ஃபோல்ட். முதல் இருக்கையிலிருந்து வந்த ஆல்-இன் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. விலை ஒன்றே என்பதால் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்பவர்களை ஒவ்வொரு மேசையிலும் பார்க்கலாம்.

ஒன்பதாம் படி: பரிசு எல்லை நெருங்கும்போது

பரிசுக்கு முந்தைய இடமான பபிளில் சிப்புக் கணக்கும் பணக் கணக்கும் பிரிந்துவிடுகின்றன. நான்கு பேர் மீதம், ஆளுக்கு 10,000 சிப்பு, மூன்று இடங்களுக்கு 50, 30, 20 என்று பரிசு. எல்லோரும் சமம் என்பதால் உங்கள் பங்கின் மதிப்பு 25. ஒருவர் ஆல்-இன் தள்ள, நீங்கள் கால் செய்து ஜெயித்தால் உங்களிடம் 20,000, மற்ற இருவரிடம் 10,000 வீதம். சிப்பு அளவைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும் ஐசிஎம் முறையில் கணக்கிட்டால் முதலிடத்துக்குப் பாதி வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாமிடத்துக்கு ஆறில் ஒன்று, மதிப்பு 38.3. சிப்பு இரட்டிப்பானது, பணம் இரட்டிப்பாகவில்லை. தோற்றால் பூஜ்யம். பிளைண்டுகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கால் செய்ய 65 சதவீத வாய்ப்பு வேண்டும்.

எதிரி சீட்டைப் பார்க்காமலே எதையும் தள்ளுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏஸ்-2-க்கு 55, ஏஸ்-9-க்கு 61-ஐ ஒட்டிய வாய்ப்புதான். ஏஸ்-கிங் ஆஃப்சூட்கூட 65-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஆகவே பபிளில் சம ஸ்டாக்குகளுக்கிடையே பலவீன ஏஸுடன் கால் செய்வதற்கு இடமே இல்லை. இதே காரணத்தால் அங்கே முதல் ஆளாகத் தள்ளுவது இன்னும் வலுவாகிறது, ஏனென்றால் மற்றவர்களுக்கும் அதே 65 வேண்டும். உங்களை வெளியேற்றக்கூடிய பெரிய ஸ்டாக் பின்னால் இருந்தால் மட்டும் கையை அடக்குங்கள். எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள நுழைவுச்சீட்டைத் தரும் சாட்டலைட்டுகளில் இது உச்சத்தை எட்டும்: 10 நுழைவுச்சீட்டுகளுக்கு 11 பேர் மீதமிருக்க, உங்களைவிடச் சிறிய ஸ்டாக்குகள் இருந்தால், ஏஸ்-9 என்ன, ஏஸ் ஜோடியையும் போடும் நிலைமைகள் உண்டு.

பத்தாம் படி: ஆட்கள் குறைந்த மேசை

மூவராகவும் இருவராகவும் சுருங்கும்போது இந்தக் கைகளைப் பலவீனம் என்று அழைப்பதே பொருந்தாது. இருவர் ஆட்டத்தில் எதிரியிடம் ஏஸ் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 12 மட்டுமே. ஏஸ்-2-உம் சராசரிக் கைக்கு மேலே நிற்கிறது. ஸ்மால் பிளைண்டிலிருந்து எந்த ஏஸையும் உயர்த்துங்கள்; 20 பிக் பிளைண்டுக்குக் கீழே இருந்தால் ஆல்-இன் தள்ளுவதும் தவறில்லை. 10 பிக் பிளைண்ட் வரையிலான ஆல்-இன்னுக்கு, எதிரி ஓரளவு பரவலாகத் தள்ளுபவர் என்றால், எந்த ஏஸுடனும் கால் செய்யலாம். ஸ்டாக் அதைவிடக் கூடும்போது கால் செய்யும் கைகளைக் கீழிருந்து வெட்டிக்கொண்டே வாருங்கள். முதலில் ஏஸ்-2 ஆஃப்சூட், பிறகு ஏஸ்-3, ஏஸ்-4 என்று. குளூட்டியரின் ஆல்-இன்னுக்கு ஃபெர்குசன் அவ்வளவு நேரம் யோசித்ததற்கும் காரணம் இதுதான்: இருவரின் சிப்பும் ஏறக்குறைய சமமாக, பிளைண்டுகளைவிடப் பல மடங்காக இருந்தன.

பயிற்சிக்கு ஒரு வழி போதும். ஆட்டம் முடிந்ததும், ஏஸ்-2 முதல் ஏஸ்-9 வரை நீங்கள் பணம் போட்ட கைகளை மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றைக் குறியுங்கள்: பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள், எதிரியையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டாக் எத்தனை பிக் பிளைண்ட், பணம் உங்கள் பந்தயமாகப் போனதா கால் ஆகப் போனதா. மூன்றாவது குறிப்பில் கால் என்று எழுதியவற்றை மட்டும் தனியே எடுத்து, எதிரியின் ரேஞ்சை ஊகித்து, எட்டாம் படியில் போட்டதுபோல் கணக்குப் போடுங்கள். அடுத்த போட்டிக்கு முன் எதைத் திருத்த வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.